வர்ஷாவின் வெள்ளைக் கோட்டு

முதலில் காலர். காலரைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு நுனியிலிருந்து நடுவுக்கு வர வேண்டும், நடுவிலிருந்து நுனிக்குப் போனால் மூலையில் சுருக்கம் சேர்ந்துகொள்ளும். இது நீட் கோச்சிங் ஹாஸ்டலில் கற்றுக்கொண்டது. அந்த ஒரு வருஷத்தில் கௌசிகா உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான் என்று இப்போது வர்ஷாவை வழியனுப்ப வந்து கூடத்தில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் சொல்லிச் சிரிக்கலாம். சிரிக்கட்டும், எல்லோருக்கும் ஒரு நாள் இருக்கிறது. "கௌசி, கண்ணு, தேய்க்கறவன் இன்னிக்குன்னு பாத்து வர்ல, போட்டோக்காரரு வந்துட்டாரு, இந்தக் கோட்ட மட்டும் ஒரு இழுப்பு இழுத்துக் குடுத்துரு" என்று பெரியம்மா கொண்டுவந்து என் கையில் திணித்தாள். வீடு நிறையச் சொந்தக்காரப் பெண்கள் இருக்கிறார்கள். எல்லோரையும் தாண்டி, மாடிப்படி ஏறி, மூட்டுவலியோடு ஏறி, என்னைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். "சரிங்க பெரியம்மா" என்றேன். எனக்கு அந்தச் 'சரிங்க' மட்டும் எப்போதும் தயாராக இருக்கும். கட்டிலில் போர்வையை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் கோட்டை விரித்து, தண்ணீர் தெளித்துவிட்டுப் பார்த்தால் வெள்ளையென்றால் அப்படி ஒரு வெள்ளை. கண் கூசியது. கூசியது மட்டும்தான், அழுகை வரவில்லை, வேண்டுமானால் எழுதிக்கூடத் தருகிறேன்.

இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டது. இதைக் காலரின் மேல் அப்படியே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றால் போதும், எச்சில் விழுங்கும் நேரம் போதும், பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்துவிடும். ஐயோ பெரியம்மா, தெரியாமப் பட்டுருச்சுங்க. யாரும் நம்ப மாட்டார்கள். வயித்தெரிச்சல் புடிச்சவ, வேணும்னே பண்ணிருக்கா என்பார்கள். சரியாகத்தான் சொல்வார்கள். வயிறு எரியத்தான் செய்கிறது. வர்ஷா என்னைவிட ஒரு வயது சின்னவள், பெரியப்பாவின் ஒரே பெண், முதல் தடவையாக நீட் எழுதினாள், நான் இரண்டாம் தடவை. அவளைவிட நான் மார்க் அதிகம். கொஞ்சநஞ்சம் இல்லை, நிறையவே அதிகம். ஆனால் அரசு காலேஜுக்கு அது போதவில்லை, தனியார் காலேஜுக்கோ அவளுடைய மார்க்கே போதும், பெரியப்பா கிழக்கால தோட்டத்தை விற்றால் போதும், விற்றார், கிடைத்தது. இதில் அவள் தப்பு என்ன என்று அம்மா கேட்கிறாள். தப்பு யாருடையதாக இருந்தால் எனக்கென்ன. நாளைக்கு விடிகாலையில் பெரியப்பா தன் காரில் அவளைக் காலேஜில் கொண்டுபோய் விடப்போகிறார். போகிற வழியில் என்னையும் இறக்கிவிடுகிறாராம். கண் பரிசோதனைப் படிப்பு. ஆப்டோமெட்ரி. சீட்டு அவரே பேசி வாங்கி வைத்திருக்கிறார். ஒரே வண்டி, ஒரே டீசல், டிக்கியில் அவளுடைய பெட்டிக்குப் பக்கத்திலேயே என் பெட்டி. அவளுடையது வைத்தது போக இடம் இருந்தால். "என்ன சாமி முடிவு பண்ணுன?" என்று முந்தாநாள் சாயங்காலம் அப்பா கேட்டார். மறுபடி எழுதுவதா, இல்லை அந்த வண்டியில் ஏறுவதா. "யோசிச்சுச் சொல்றேம்ப்பா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நல்ல அப்பா, நெருக்க மாட்டார். பெரியப்பாவுடைய, ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், அண்ணன் முன்னால் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை, ஆனால் என்னிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. ரிசல்ட் வந்த அன்றைக்குக்கூட, "விடு சாமி, உன்ற மார்க்கு ஒண்ணும் கம்மியில்ல" என்றார். ஊரிலேயே அதைச் சொன்ன ஒரே ஆள்.

கை. கையை வெறுமனே தேய்க்கக் கூடாது, தையலும் தையலும் பொருந்த மடித்துத்தான் தேய்க்க வேண்டும். எனக்கும் ஒரு கோட்டு உண்டு, யாருக்கும் தெரியாது, தலைக்குள் மாட்டி வைத்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு நான் உட்காரும் கிளினிக்கை இந்த ஒரு வருஷத்தில் செங்கல் செங்கலாகக் கட்டிவிட்டேன். கிளினிக் மாடியில். லிஃப்ட் கிடையாது. பெரியம்மா ஏறி வரட்டும். ஏறி வந்தால் உட்கார நாற்காலி இருக்கும், ஃபேன் இருக்காது, ஃபேன் என் தலைக்கு மேல் மட்டும்தான். டோக்கன் கொடுக்கிற பெண்ணிடம் சொல்லி வைத்திருப்பேன், அவங்க என்ற பெரியம்மாதான், அதனால கடைசில அனுப்பு. எங்கள் எதிர்வீட்டுத் துளசிமணி அக்கா, ஒவ்வொரு தடவை நான் கேட்டைத் திறக்கும்போதும் "இந்த வருசமாச்சும் கெடச்சுதா அம்மிணி?" என்று ரோடு முழுக்கக் கேட்கும்படி கேட்கிறவள், அவளுக்குத் தொண்டை. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு மாதத்துக்கு வாயே திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுப்பேன். கோச்சிங்கில் பிசிக்ஸ் எடுத்த சாருக்கு என்ன கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை, அவருக்கு ஒன்று போதாது. திங்கட்கிழமை தோறும் மார்க் வரிசைப்படி எங்களை இடம் மாற்றி உட்கார வைப்பார். யார் எத்தனை வரிசை பின்னால் போகிறோம் என்பதை எல்லோரும் பையோடு எழுந்து நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். நான் போகும்போது, "டாக்டரம்மா, பாத்துப் போங்க, செவுரு வந்துரும்" என்றார் ஒரு நாள். சிரித்த அத்தனை முகமும் ஞாபகம் இருக்கிறது. அத்தனை பேருக்கும் டோக்கன் போட்டு வைத்திருக்கிறேன். பெரியப்பாவுக்கு நான் வியாதி தேட வேண்டியதே இல்லை, சுகர் இருக்கிறது, கால் விரலில் ஒரு புண் வந்தால் போதும். வருவார். கம்பவுண்டரிடம், "நான் டாக்டரோட பெரியப்பா" என்பார். டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காங்க என்பான் அவன். ரவுண்ட்ஸாவது ஒன்றாவது, உள்ளே உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருப்பேன்.

இதற்கு மேல்தான் சிக்கல். கடைசியில் அவரை உள்ளே விடுகிறேன். உட்காருகிறார். காலை நீட்டுகிறார். அவ்வளவுதான், அங்கேயே படம் அறுந்துவிடுகிறது. எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன், அவர் காலை நீட்டியதற்குப் பிறகு நான் என்ன செய்கிறேன் என்பது வருவதே இல்லை. மருந்து வைத்துக் கட்டுகிறேனா, விரலை எடுக்கச் சொல்கிறேனா, சும்மா பார்த்துக்கொண்டே இருக்கிறேனா. நான் கட்டிய கிளினிக்கில் காக்க வைக்க இடம் இருக்கிறது, குணமாக்க ஒரு மூலைகூட இல்லை. முதுகுப் பக்கம் தேய்க்கிறேன், அகலமான பக்கம், பெட்டி தடையில்லாமல் போகிறது, ஆனால் இந்த யோசனை மட்டும் போன இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறது. உனக்கு டாக்டராக வேண்டுமா, இல்லை இவர்கள் முகத்தில் கரி பூச வேண்டுமா? நாளைக்கே இவர்கள் எல்லோரும் எங்கேயாவது கண்காணாத ஊருக்குக் குடிபோய்விட்டால், பார்க்க ஒருவரும் இல்லையென்றால், அந்த இயற்பியல் புத்தகத்தை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து பிரிப்பாயா? பயமாக இருக்கிறது. மறுபடி எழுதி மறுபடியும் போனால் என்ன என்கிற பயம்கூட இல்லை, அது பழகிவிட்டது. வந்துவிட்டால் என்ன செய்வேன் என்கிற பயம். சின்ன வயதிலிருந்து கேட்ட பேருக்கெல்லாம் சேவை செய்யணும்னு ஆசைங்க என்று சொல்லி வந்திருக்கிறேன். சேவை. அந்த வார்த்தையை நினைத்தாலே இப்போது கொட்டாவி வருகிறது. அமுதினி மட்டும்தான் ஞாபகம் வருகிறாள். ஸ்டடி ஹாலில் எனக்கு முன் வரிசை. ஒரு நாள் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்து கையும் காலும் வெட்டிக்கொள்ள ஆரம்பித்தது. உடனே எல்லோரும் சாவி சாவி என்று கத்தினார்கள், வார்டன் தன் சாவிக்கொத்தையே கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள், இன்னொருத்தி ஸ்பூனை வாயில் திணிக்கப் பார்த்தாள். வருங்கால டாக்டர்கள் அத்தனை பேரும் சாவி தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம். சாவிக்கொத்தைப் பிடுங்கி எறிந்தேன், போய் ஜன்னல் கண்ணாடியில் பட்டது. ஸ்பூன்காரியை ஒரு தள்ளு. அமுதினியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் என் மடியைக் கொடுத்து, "தள்ளிப் போங்கடி எல்லாரும்" என்று கத்தினேன். அடங்கும் வரைக்கும் பிடித்திருந்தேன். என் சுடிதாரெல்லாம் அவள் எச்சில். கண் விழித்து, "என்னாச்சு?" என்றாள். "ஒண்ணும் ஆகல, படு" என்றேன். எனக்கு அவள்மேல் பெரிதாகப் பாசமெல்லாம் கிடையாது, அவள் தன் நோட்டைக் கூடக் காட்ட மாட்டாள். கோபம்தான் இருந்தது. ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் என் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு வார்டன் என்னை ஜன்னல் கண்ணாடிக்காக ஆபீஸ் ரூமில் நிற்க வைத்தாள். அவளுக்கும் ஒரு டோக்கன்.

இப்போது முன்பக்கம். பொத்தான் பக்கம் பெட்டி போகக் கூடாது, பொத்தான் உருகும், ஓரமாக நுனியை மட்டும் விட வேண்டும். மேல் பையில் ஏதோ தடித்துக்கொண்டிருக்கிறதே என்று விரலால் தடவினேன். எம்பிராய்டரி. நீல நூலில், ஆங்கிலத்தில், கெட்டியாக, டாக்டர் வர்ஷா நாச்சிமுத்து. இரண்டு தடவை படித்தேன். பிறகு பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தேன், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இந்தப் பெரியம்மா! முதல் வருஷம் காலடி எடுத்து வைப்பதற்குள் டாக்டர் போட்டுவிட்டாள். கடைத்தெருவில் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவரிடம் ஆசை ஆசையாய்ச் சொல்லிப் போட்டிருப்பாள், அண்ணா, நூலு நல்லா எடுப்பாத் தெரியோணுங்க. என்னோடு ஸ்கூலில் படித்த பிரதீபா இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள், அவள் போனில் சொல்லியிருக்கிறாள். அவள் செட்டில் ஒரு பையன் இப்படித்தான் வீட்டில் போட்டுக் கொடுத்த டாக்டரோடு வந்தானாம். சீனியர்கள் அவனை ஒன்றும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அவனுக்கு முன்னால் வரிசையில் நின்று, டாக்டர் எனக்கு வயிறு வலிக்குது, டாக்டர் எனக்குப் பிரசவ வலி என்று மாதக்கணக்கில் நின்றார்களாம். புரொபசரே கிளாசில், "டாக்டர் சார் வந்தாச்சா, பாடத்தை ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டாராம். பையன் ஊருக்கு ஓடிப்போக, ஆள்வைத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். ஆக, நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். கோட்டைச் சுட வேண்டாம். நன்றாகத் தேய்த்துக் கொடுத்தால் போதும், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பையைத் திருப்பிப் போட்டு உள்பக்கமாகத் தேய்க்க ஆரம்பித்தேன், நூல் நசுங்காமல் எழுத்து எழும்பி நிற்கட்டும் என்று. இத்தனை அக்கறையாக நான் எந்தத் துணியையும் தேய்த்ததில்லை. நாளைக்குப் போட்டுக்கொண்டு போ தங்கம். வரிசையில் நிற்பார்கள். டோக்கன் இல்லாமலே நிற்பார்கள்.

"அக்கா, ஆச்சா?" வர்ஷாதான். பட்டுப் பாவாடையும் தலை நிறையப் பூவுமாக வந்து கதவைச் சாத்திக்கொண்டு சாய்ந்து நின்றாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"இரு, பை மட்டும் பாக்கி."

"எனக்குப் பயமா இருக்குதுக்கா. மொத வருசமே பொணத்த அறுக்கோணுமாமா."

"அறுத்துத்தான் ஆகோணும். பின்ன என்ன பூசணிக்காயவா அறுப்பாங்க?"

"நீ பக்கத்து ஊர்லயே இருப்பன்னு நெனச்சாத்தாங்க்கா கொஞ்சம் தெம்பா இருக்குது. லீவுக்கு லீவு உன்ற ஹாஸ்டலுக்கு வந்துருவேன்." மூக்கை உறிஞ்சினாள். "நீ அழுவாத என்ன. எல்லாம் நல்லதுக்குத்தான்."

"நா எங்கடி அழுதேன்?"

"சித்தப்பா சொன்னாங்களே. நேத்து அப்பாகிட்டச் சொல்லிட்டு இருந்தாங்க. நீ கால்ல விழுந்து அழுதியாமா, இனிமே என்னால எழுத முடியாதுப்பா, என்னைய உட்ருங்க, பெரியப்பா சொன்ன எடத்துலயே சேர்ந்துக்கறேன்னு. எங்கப்பாகூட, சரி உட்றா சென்னியப்பா, புள்ளையப் போட்டுக் கசக்காத, நாம் பாத்துக்கறேன்னாங்க. கீழ எல்லாரும் பாவம் கௌசின்னு பேசிட்டு இருக்காங்க."

பெட்டி நின்றுவிட்டது. கோட்டின் மேல், என் கையின் கீழ். சூடு துணியைப் பிடிக்கிற வாசனை மெல்ல எழுந்தது, எனக்குத் தெரிந்தது, கை நகரவில்லை. எந்தக் காலில் விழுந்தேன்? எந்த அறையில்? அந்தக் கால், அந்தச் சாயங்காலம், செருப்பை மாட்டிக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போன கால். யோசிச்சுச் சொல்றேம்ப்பா என்றுதானே சொன்னேன். நான் யோசிக்கிற நேரம்கூட அவருக்குத் தாங்கவில்லை. அண்ணனிடம், என்ற பொண்ணு நீங்க குடுத்த சீட்டு வேண்டாங்கறா என்று அவரால் சொல்ல முடியாது. மறுபடியும் எழுத வைக்கறேன் என்றும் சொல்ல முடியாது, ஏற்கனவே தோத்தவளுக்கு இன்னொரு வருசமா என்று பெரியப்பா கேட்பார். ஆனால் என்ற பொண்ணு அழுதா என்று மட்டும் சொல்ல முடிந்திருக்கிறது, அது சுலபமாக வந்திருக்கிறது. என்னை அழ வைத்து, என்னைக் காலில் விழ வைத்து, அந்தக் காலையும் தன் காலாகவே வைத்துக்கொண்டு, தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டார். புரிகிறது, நன்றாகவே புரிகிறது. புரிந்தால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது? கிளினிக்கில் அத்தனை பேரையும் வரிசையில் உட்கார வைத்திருந்தேன், வாசல் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். "அக்கா, கோட்டு! கோட்டு!" என்று வர்ஷா கத்தினாள். எடுத்தேன். பழுப்பு ஏறவில்லை. இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தால் ஏறியிருக்கும்.

துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினேன். பையை இடது கையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, நீல நூலின் முதல் எழுத்துக்கு அடியில் ஊக்கை விட்டு நெம்பினேன். "ஐயோ, என்னக்கா பண்ற, அம்மா கொன்னு போடும்" என்று கையைப் பிடிக்க வந்தாள். "தள்ளு. இந்த டாக்டரோட போனீன்னா உன்னய உரிச்சுத் தொங்க விட்ருவாங்க. படிச்சு முடிச்சாத்தாண்டி டாக்டரு. சேந்தவொடனே எவளும் டாக்டர் கெடையாது." நூல் அறுந்து அறுந்து வந்தது. டாக்டர் போய், வர்ஷா நாச்சிமுத்து மட்டும் நின்றது. துணியில் சின்னச் சின்ன ஓட்டைகள், அதன்மேல் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன், மூடிக்கொண்டன. வர்ஷா ஒன்றும் புரியாமல், "தேங்க்ஸுக்கா" என்றாள். அவளுக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு இவள் போதாது. ஒரு ஊருக்கே ஆக்கின சோற்றை ஒரு பூனைக்கு வைப்பதா? ஆள் கீழே இருக்கிறார்.

கோட்டை ஹேங்கரில் மாட்டி, தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். பந்தி ஆரம்பமாகியிருந்தது. போட்டோக்காரர் கோட்டைப் பார்த்ததும் எழுந்தார், பெரியம்மா வாங்கி வர்ஷாவுக்குப் போட்டுவிட்டாள், பையைப் பார்க்கவேயில்லை, எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திக் கைதட்டினார்கள், வலது கை எச்சில் என்பதால் இடது கையால் தொடையில் தட்டி. துளசிமணி அக்கா என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். பெரியப்பா இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பக்கத்தில் அப்பா. அப்பா என்னைப் பார்க்கவில்லை. சாதத்தில் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார், பிசைந்து முடித்ததையே மறுபடி பிசைந்தார். பெரியப்பாவுக்கு நல்ல சந்தோஷம், அவர் சந்தோஷமாக இருக்கும்போது ஊருக்கே நல்லது செய்வார். "கௌசி, நாளைக்கு வெடியால கெளம்பி நின்னுக்கோ சாமி, ரண்டு பேரையும் ஒரே நடையா உட்டுட்டு வந்தர்றேன்" என்றார்.

"நான் வர்லீங்க பெரியப்பா" என்றேன். "மறுபடியும் எழுதப் போறேன். கோச்சிங் எல்லாம் வேண்டாங்க, ஊட்ல இருந்தே படிச்சுக்கறேன்."

வரிசை முழுக்க வாய் நின்றது. எனக்கு டாக்டராக வேண்டுமா என்ற கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை, அந்தக் காலை நீட்டினால் என்ன செய்வேன் என்று இன்னும் தெரியாது. எழுதப் போகிறேன் என்பது மட்டும் வாயிலிருந்து வந்துவிட்டது, வந்ததும் அது உண்மை என்று தெரிந்தது. பெரியப்பா மெதுவாகப் பக்கத்து இலைக்குத் திரும்பினார். "என்றா சென்னியப்பா? புள்ள அழுதுச்சு, கால்ல உழுந்துச்சுன்னு சொன்ன?"

அப்பா அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை. நேத்து அழுதேங்க பெரியப்பா, இன்னிக்கு மனசு மாறிருச்சு, அவ்வளவு சொன்னால் போதும், அவர் தப்பித்துவிடுவார், பந்தி நடக்கும், திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய்க் கணக்கு எழுதுவார். உன்ற மார்க்கு ஒண்ணும் கம்மியில்ல என்று சொன்ன அதே வாய் லேசாகத் திறந்திருந்தது, அதில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. பாவமாக இருந்தது. பாவமாக இருக்க இருக்கத்தான் கோபமும் ஏறியது.

"நான் அழுவலீங்க பெரியப்பா" என்றேன், அப்பாவைப் பார்த்துக்கொண்டே. "யாரு கால்லயும் உழுகல."

அப்பாவுக்கு அந்தப் பக்கம் ஓர் இலை காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தேன். பரிமாறுகிறவர் என்ன செய்வது என்று தெரியாமல் போளித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அப்பாவின் கை இலையிலேயே கிடந்தது, மூடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. எனக்கு நல்ல பசி.

"ஒப்பிட்டு வெய்யுங்கண்ணா" என்றேன். "ரண்டா வெய்யுங்க."